உள்ள இருக்காரு, போய்ப் பாரு

அக்கான்னு கூப்பிடாதீங்கம்மா. டீச்சர்னு சொல்லுங்க. ஊர்ல சின்னது பெருசு எல்லாம் அப்படித்தான் கூப்பிடும். உக்காருங்க, இடம் இருக்கு. நான் ஜன்னல் பக்கம் நகந்துக்கிடுதேன், நீங்க இந்த வலது கைப் பக்கம் இருங்க. எனக்கு இடது பக்கம் கழுத்து திரும்பாது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு, எலும்பு நல்லாத்தான் இருக்குங்காரு. நல்லா இருக்க எலும்பு ஏன் திரும்பலன்னு கேட்டா, தைலம் எழுதிக் குடுக்காரு. படிச்ச முட்டாள்.

பையா? வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். மேல வச்சா பிரேக் போடும்போது உருண்டு விழும். கனமா ஒண்ணும் இல்ல. உள்ள ஒரு அழுக்குத் துணிதான், கவர்ல போட்டு ரெண்டு முடிச்சுப் போட்டுக் கொண்டு போறேன். டவுன்ல எங்க சபை ஆபீசுல காட்டணும்லா. வாயால சொன்னா மேலிடத்துல யாரு நம்புதா? நீங்க கிறிஸ்தவங்களா? இல்லையா. பரவாயில்ல, கேளுங்க. நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதானே.

எங்க ஊரு ரட்சணியபுரம். மெயின் ரோட்டுல, லாரி ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, வெள்ளை வளைவு ஒண்ணு பார்த்திருப்பிய, நீல எழுத்து. அது எங்க கோவில் வளைவு. எங்க அப்பா மாசிலாமணி பண்ணையார் காலமானதும் அவர் ஞாபகமா நான் கட்டி வச்சது. அதுல என்ன வசனம் எழுதணும்னு பேச்சு வந்தப்ப நான்தான் பொறுக்கி எடுத்தேன். பாரம் சுமக்குறவங்க எல்லாரும் என்கிட்ட வாங்கன்னு ஆண்டவர் கூப்பிடுற வசனம். முக்கால்வாசி கோவில் சுவத்துல அதுதான் இருக்கும், நீங்களும் பார்த்திருப்பிய. பாரம்னா மூடை இல்லம்மா. மனுசன் மனசுக்குள்ள சுமக்குறது. பாவம், கவலை, துக்கம். அதுக்குக் கீழ 'மாசிலாமணி பண்ணையார்'னு அப்பா பேரு. பெயிண்டர் வசனத்தை விட பேரைக் கொஞ்சம் பெருசா எழுதிட்டான். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்னு சலோமி சொன்னாளாம். சலோமி பேச்சு எதுக்கு இப்ப, விடுங்க.

போன வருசம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாளு. அறுப்பின் பண்டிகைன்னா, வெளைஞ்சதுல ஒரு பங்கை அவங்கவங்க கோவிலுக்குக் காணிக்கையாக் கொண்டாந்து வைக்கிறது. வாழைத்தாரு, நெல்லு மூடை, பூசணிக்கா, கருப்பட்டின்னு வாசல் நிறைஞ்சிரும். மறுநாள் அசனம், ஊருக்கே சாப்பாடு. அதுக்கு அண்டா, சட்டுவம், அரிசி எல்லாம் வந்து இறங்கிக் கிடக்கு. நான் வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்து மேல்பார்வை பாக்கேன். நான் பாக்கலன்னா அங்க ஒரு வேலை நடக்காது.

அப்ப வாரான் ஒருத்தன். முட்டிக்கு மேல கைலி, அழுக்குப் பனியன், தலையில சும்மாட்டுத் துணி. சும்மாடு தெரியும்லா, மூடை தூக்குறவன் தலையில சுருட்டி வப்பானே, அது. கிட்ட வந்ததும் வேர்வை நாத்தம். "மாசிலாமணி முதலாளி இருக்காவளாம்மா?"ன்னு கேட்டான்.

அப்பா பேரைச் சொல்லிக் கேட்டு ஒருத்தன் வந்து எத்தனை வருசம் ஆச்சு!

"எதுக்குல கேக்க?"ன்னேன்.

"கூப்புட்டுருக்காகளே. சொமை தூக்குறவங்க எல்லாரும் வாங்கன்னு ரோட்டுல பெருசா எழுதிப் போட்ருக்காகளே. எளுத்துக் கூட்டி வாசிக்க கொஞ்சம் லேட்டாயிட்டு. மத்த பயலுவ யாரும் பாக்கல போல, நான் மட்டுந்தான் வந்துருக்கேன். என்ன சொமைம்மா? எங்க எடுக்கணும்?"

சிரிப்பு தாங்கலம்மா எனக்கு. அண்டா கழுவுன பொம்பளைங்க எல்லாம் சிரிச்சு உருளுதாளுவ. வேத வசனத்தை வேலைக்கு ஆள் எடுக்குற போர்டுன்னு நெனச்சிருக்கான்! அதுலயும் கூப்பிட்டது எங்க அப்பாவாம்! நான் பாடம் நடத்துன காலத்துல எத்தனையோ மடையனைப் பார்த்திருக்கேன். இந்த மாதிரி ஒருத்தனைப் பார்க்கல.

"அவரு செத்து ஒம்பது வருசமாச்சு"ன்னு சொன்னேன்.

தலையைச் சொறிஞ்சான். அப்படியே போயிருவான்னு பார்த்தா, போகல. "அப்ப கூப்புட்டது யாரும்மா?"ன்னு கேக்கான்.

நான் விளையாட்டாத்தான் கையைக் காட்டுனேன். "கூப்பிட்டவரு உள்ள இருக்காரு, போய்ப் பாரு"ன்னேன். "அதுக்கு முன்னால இந்த அரிசி மூடை, தாரு எல்லாத்தையும் உள்ள எடுத்து வை"ன்னேன். வந்தது வந்துட்டான், சும்மா விடுவானேன்?

அம்புட்டையும் ஒத்தையில தூக்குனாம்மா. வேலையில குறை சொல்ல மாட்டேன், மாடு மாதிரி உழைச்சான். தூக்கி முடிச்சு, காலைக் கழுவிட்டு, கோவிலுக்குள்ள போனான். போனவன் எங்க உக்காந்தான்னு கேளுங்க. முன்னால ஆம்பளைங்க பக்கம் முதல் பெஞ்சு, எங்க அப்பா பெஞ்சு! அவரு போன பிறகு அதுல யாரையும் நான் உக்கார விட்டதில்ல. சனிக்கிழமைதோறும் நானே துடைச்சு வைக்கிறது. சாய்மானத்துல அப்பா பேரு வெட்டியிருக்கும். "எந்திரில"ன்னு கத்துனேன். "முதலாளி பேரு போட்ருக்கும்மா, கூப்புட்ட ஆளுவ இங்கதான் இருக்கணும்னு நெனச்சேன்"ங்கான். புத்தியைப் பாருங்க.

அன்னைக்கோட தொலைஞ்சான்னு நெனச்சேன். மறுநாள் அசனத்துக்கு வந்தான். வந்தது பெருசில்ல, மூணு பந்தியில உக்காந்து சாப்பிட்டான். வெக்கம் மானம் கிடையாது. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வந்துட்டான். பாட்டுத் தெரியாது. எல்லாரும் எந்திரிச்சா இவன் உக்காருவான், எல்லாரும் முழங்கால் போட்டா இவன் நிப்பான். பிரசங்கத்துல தூங்கி, குறட்டை வேற. ஐயர் அதைப் பார்த்துச் சிரிக்காரு. ஐயர்னா நீங்க நெனக்கிற ஐயர் இல்லம்மா, எங்க பக்கம் போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம். இப்ப இருக்க ஐயர் சின்னப் பையன், முகத்துல மீசை கூட ஒழுங்கா வரல. "தூங்கட்டும் டீச்சர், அவருக்கு வேற எங்க தூக்கம் வருது"ன்னு எனக்குப் புத்தி சொல்லுதாரு.

பேரு கொம்பையா. அவன் கதையும் ஐயர்தான் சொன்னாரு, நான் கேக்கல. முந்தி பெருங்குடிகாரனாம். ஒரு நாள் பொண்டாட்டியைப் பாம்பு கடிச்சிருக்கு. வீட்டுக்குள்ள கிடந்து இவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா. இவன் வாசல்லதான் கிடந்திருக்கான். போதையில சத்தம் காதுல விழுந்திருக்கு, அப்புறம் பாப்போம்னு புரண்டு படுத்துட்டான். அவ போய்ச் சேந்துட்டா. அதுலேருந்து குடியை விட்டுட்டானாம். யாரு கூப்பிட்டாலும் எதுக்கு என்னன்னு கேக்காம எந்திரிச்சிருவானாம். இதைச் சொல்லும்போது ஐயருக்குக் கண்ணு கலங்குது. எனக்கு ஒண்ணும் கலங்கல. கூப்பிடும்போது போகாம, செத்த பிறகு உருகி என்ன பிரயோசனம்? கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் கட்டுனவங்களா இருந்தாலும் உசிரோட இருக்கும்போது பாக்கணும். இவனுவளுக்கு அதெல்லாம் எங்க உறைக்குது.

டிக்கெட்டா? நான் எடுத்துட்டேன். நீங்க எடுங்க.

ஆராதனை மட்டும்னா கூடப் போகுதுன்னு விட்டிருப்பேன். தினமும் சாயங்காலம், லாரி வேலை முடிஞ்சதும் வந்து, எத்தனை தடவை எழுப்பி விட்டாலும் அப்பா பெஞ்சுலயே உக்காந்துருவான். செபம் பண்ணத் தெரியாது. சும்மா உக்காந்திருப்பான். "என்னல பண்ணுத?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "கூப்புட்டவரு இன்னும் வரலம்மா. பெரிய எடம்லா, மெள்ளத்தான் வருவாக"ன்னான். பஸ் ஸ்டாண்டுல காத்திருக்க மாதிரிச் சொல்லுதான். நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். சிரிச்சது தப்பு. அன்னைக்கே வெரட்டி விட்டிருக்கணும்.

லெந்து நாள்ல, அதான் ஈஸ்டருக்கு முந்தி நாங்க நோன்பு இருக்க நாள்ல, ஒரு சாயங்காலம். ஆல்டர், அதான் பலிபீடம், அதுக்கு விரிப்பு மாத்த நான் போறேன். இவன் முன்னால, ஆல்டர் படிக்குக் கிட்ட முழங்கால் போட்டுக் கிடக்கான். எல்லாரும் முழங்கால் போடும்போது போடத் தெரியாதவன்! தோளு குலுங்குது. என்னமோ திருடிட்டான், மறைக்கான்னு நெனச்சுக் கிட்ட போனேன். நிமிந்தான், முகமெல்லாம் தண்ணி.

"வந்துட்டாரும்மா"ன்னான்.

"யாருல?"

"கூப்புட்டவரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிட்டு. ஆனாலும் கேட்டேன். கேக்கணும்லா, கோவில் காரியம். "எப்படி இருந்தாரு?"

"பாக்கலம்மா, குனிஞ்சிருந்தேன். சத்தம் மட்டுந்தான். பக்கத்துல இருந்து."

"என்ன சொன்னாரு?"

"'ஏ கொம்பையா, எறக்கு'ன்னாரு."

கேட்டியளா? "எறக்கு"ன்னாராம்! ஆண்டவர் லாரி ஸ்டாண்டு பாஷையா பேசுவாரு? எங்க வேதத்தை எடுத்துப் பாருங்க, எப்படி இலக்கணமா, கம்பீரமா பேசியிருக்காரு. கேட்டருளும், தந்தருளும்னு நாங்க வாய் வலிக்கச் செபம் பண்ணுதோம். இவன்கிட்ட வந்து ஏ கொம்பையா, எறக்குன்னு சொன்னாராம்.

"தலையில என்னல இருந்துச்சு, எறக்குறதுக்கு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. அதான் எனக்கும் புரியல. ஆனா எறங்கிட்டு"ன்னான். சொல்லிட்டு, தலையில இருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து, ஆல்டர் படியில வச்சான். நான் கஞ்சி போட்டு வெளுத்து, மடிப்புக் கலையாம விரிச்சு வைக்கிற வெள்ளைத் துணிக்குக் கிட்ட, வேர்வையில ஊறின அந்தக் கந்தலை வச்சான்மா! வச்சுட்டு, சின்னப் புள்ளை மாதிரிச் சிரிக்கான். அந்தச் சிரிப்பைப் பார்த்தா உங்களுக்கும் பத்திக்கிட்டு வந்திருக்கும்.

அதுதான் இந்தப் பையில இருக்கது. சாட்சி. அவன் போனதும் குச்சியால எடுத்து வெளிய எறியத்தான் போனேன். அப்புறம், இதுக்கு ஒரு நாள் வேலை வரும்னு எடுத்து வச்சேன். இப்ப வந்துட்டு.

என்ன வேலைன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை அவனுக்கு ஞானஸ்நானம். ஐயர் தேதி குறிச்சுட்டாரு. கிறிஸ்தவப் பேரு ஒண்ணு வச்சுக்கோன்னு நாலு பேரு சொல்லிக் குடுத்தா, மாட்டேங்கான். "அவரு கொம்பையான்னுதான கூப்புட்டாரு, பேரை மாத்திட்டா நாளைக்குக் கூப்புடும்போது நானில்லன்னு ஆயிருமே"ங்கான். ஐயர் அதுக்கும் சரின்னுட்டாரு. இதுக்கெல்லாம் மேல ஒண்ணு கேளுங்க. ஞானஸ்நானத்துக்கு, இந்த ஆளை நான் கூட்டிக்கிட்டு வந்தேன்னு ஒருத்தர் பக்கத்துல சாட்சியா நிக்கணும். அதுக்கு அவன் என் பேரைச் சொல்லியிருக்கான்! "உள்ள இருக்காருன்னு காட்டுனது டீச்சரம்மாதான"ன்னானாம். ஐயர் வீட்டுக்கே வந்துட்டாரு. "அவரு கேக்குறது நியாயம்தானே டீச்சர், நீங்கதானே வழி காட்டுனீங்க"ங்காரு. எனக்கு வந்த கோவத்துல காப்பி கூடக் குடுக்கல. நான் காட்டுனது கேலிக்கு. கேலிக்குக் காட்டுன கையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் உள்ள போயிட்டா, அதுக்கு நான் பொறுப்பா?

நான் மாட்டேன்னதும், "அப்ப நான் நிக்கேன்"னு சலோமி சொல்லிட்டாளாம். அவ சொல்லுவா. அவளுக்குன்னே எல்லாம் காத்துக் கிடக்கும்.

யாருன்னு சொல்லலையோ? என் தங்கச்சிம்மா. கூடப் பொறந்தவ. அவதான் சலோமி.

நான் கல்யாணம் பண்ணிக்கிடல. அம்மா சீக்கிரம் போயிட்டாவ, அப்பாவைப் பாக்க ஆள் வேணும்லா. அவ பம்பாய்க்காரனைக் கட்டிக்கிட்டுப் போனா, வருசத்துக்கு ஒரு தடவை சேலை துணிமணியோட வருவா, அப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கிட்டு வருவா. நம்ம ஊரு வெயிலுக்கு ஸ்வெட்டர்! அப்பா அதைப் போட்டுக்கிட்டு வேர்த்து வழிய ரோட்டுல நடப்பாரு, பெருமையாம். கடைசியில அவரு படுத்தாரு. கஞ்சி ஊட்டுனது நான், மலம் அள்ளுனது நான், முதுகுல புண்ணு வராமப் புரட்டிப் போட்டது நான். ராப்பகலா அவரு கேட்டது என்ன தெரியுமா? "சலோமி வந்தாளா?" கஞ்சிக் கரண்டி வாய்க்குள்ள இருக்கும்போதே கேப்பாரு. அவ ரயிலை விட்டு இறங்கி வந்தா. அவ தலையில கையை வச்சு, "சலோமி"ன்னாரு. அவ்வளவுதான், அடங்கிட்டாரு.

நான் அங்கதான் நிக்கேன், கால்மாட்டுல.

அன்னைக்கிலேருந்து அவகூட நான் பேசுறதில்ல. சண்டை ஒண்ணும் போடல, பேசுறதில்ல. அவ புருசன் செத்து ஊரோட வந்துட்டா. கோவில்ல எனக்கு இடது பக்கம், ரெண்டு பெஞ்சு தள்ளி உக்காருவா. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். ஆராதனை முடிஞ்சு வரும்போது வளைவுக்குக் கிட்ட நின்னுக்கிட்டு, "அக்கா, தோத்திரம்"னு வணக்கம் சொல்லுவா. வாரம் தவறாம. காது கேக்காத மாதிரி நேரே பார்த்துப் போயிருவேன். அவளுக்கும் ரோசம் கிடையாது. அடுத்த வாரம் அதே இடத்துல நின்னு அதே "அக்கா"! கொம்பையாவுக்கு நிக்கப் போறாள்லா, சரியான சோடி.

இந்தக் கழுத்து எப்பலேருந்து இப்படின்னு கேக்கியளா? அதே சமயந்தான், அப்பா காலமான வருசம். அப்பாவைப் புரட்டிப் போட்டதுல பிடிச்சிருக்கும்னு நான் நெனக்கேன். டாக்டருக்குத்தான் தெரியலையே.

உங்க முகத்தைப் பார்த்தா ரகசியம் காக்குறவங்க மாதிரித் தெரியுது, அதனால சொல்லுதேன். அந்தக் கொம்பையா அப்படிச் சொன்னதுக்கு மறுநாள் மத்தியானம், கோவில்ல யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் தனியாப் போனேன். அப்பா பெஞ்சுல உக்காந்தேன். நேராவே கேட்டேன். "ஆண்டவரே, அந்த வளைவைக் கட்டுனது நான். அந்த வசனத்தைப் பொறுக்கி எடுத்தது நான். பொறந்ததுலேருந்து இந்தக் கோவில்ல கிடக்கேன். விரிப்பு துவைக்கேன், பூ வைக்கேன், ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடத்துல உம்ம கதையைத்தான் சொல்லிக் குடுக்கேன். ஒரு தடவையாவது என்கிட்ட வந்தீரா? நேத்து வந்த மூடை தூக்குற பயகிட்ட வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுதீரு. எனக்குப் பேரு இல்லையா?"

என் பேரு உங்களுக்குத் தெரியாதுலா. நேசம். நேசம்மாள். டீச்சர் டீச்சர்னு சொல்லி ஊர்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு தடவை "நேசம்"னு கூப்பிட்டிருக்கலாம்லாம்மா? அப்பாவும் கூப்பிட்டிருக்கலாம், ஆண்டவரும் கூப்பிட்டிருக்கலாம். என்ன குறைஞ்சிரும்? ஒரே ஒரு தடவை. நான் என்னத்தப் பெருசாக் கேட்டேன்?

இல்ல, தண்ணி வேண்டாம். ஜன்னல் காத்து, தூசி விழுந்துட்டு.

கேட்டுட்டு, கண்ணை மூடிக் காத்திருக்கேன். இப்ப வந்துருவாரு, இப்பக் கூப்பிட்டுருவாருன்னு எனக்கு நிச்சயமாத் தோணிட்டு. அந்த மாதிரி ஒரு அமைதி அந்தக் கோவில்ல நான் கண்டதே இல்ல. அந்த நேரம் பார்த்து இடது பக்க ஜன்னல்ல இருந்து, "அக்கா."

அவளேதான். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நிக்கா போல. நான் திரும்பல. "அக்கா, ஒரு நிமிசம்." நான் அசையல. "அக்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா, தனியா பயமாருக்கு." குரலு கூட ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. நான் கண்ணைத் தொறக்கவே இல்லையே! ஆண்டவர் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கேன், நடுவுல வந்து அக்கா அக்கான்னு இவ. கொஞ்ச நேரம் நின்னா, போயிட்டா. அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் உக்காந்தும் ஒண்ணும் இல்ல. அந்த இரைச்சல்ல அவரு கூப்பிட்டிருந்தாலும் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும், சொல்லுங்க? வாழ்க்கையில ஒரே ஒரு தடவை அவரு வர இருந்த நேரம், அதையும் கெடுத்துட்டா.

இன்னைக்குத்தான் அவளுக்கு ஆப்பரேசன். ஐயர் சொன்னாரு. வயித்துல என்னமோ கட்டியாம், என்ன ஏதுன்னு நான் கேட்டுக்கிடல. துணைக்கு யாரு போயிருக்கான்னு நெனக்கிய? கொம்பையா! லீவு போட்டுட்டுப் போயிருக்கானாம். "சலோமியம்மா கூப்புட்டாக"ன்னு சொல்லிட்டு, காலையில முதல் பஸ்ஸுல அவ பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். ஒரு படிச்ச மனுசி கிடைக்கலையா அவளுக்கு? டாக்டர் என்ன சொல்லுதாருன்னு இந்த மடையனுக்குப் புரியுமா? கையெழுத்துப் போடச் சொன்னா எங்க போடுவான்? எழுத்துக் கூட்டி வாசிக்கதுக்குள்ள அவளை உள்ள கொண்டு போயிருவாவ. ரத்தம் கேட்டா, அவளுக்கு என்ன வகைன்னு அவனுக்கு என்ன தெரியும்? எனக்கும் அவளுக்கும் ஒரே வகை. சின்னதுல அவளுக்கு ஒரு மருந்து ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு, அதை டாக்டர்கிட்ட முன்னாலேயே சொல்லணும்லா, அது என்ன மருந்துன்னு அவளுக்கே ஞாபகம் இருக்காது, கவனம் கெட்ட கழுதை. அதுக்கெல்லாம் நானா பொறுப்பு?

நான் போறது சபை ஆபீசுக்கு. மத்தியானத்துக்குள்ள போனா பெரியவரைப் பாக்கலாம். இந்தத் துணியை மேசையில வச்சு, இது நடந்தது எங்க கோவில்ல, இவனுக்கு ஞானஸ்நானம் குடுக்கக் கூடாது, பேரு கூட மாத்த மாட்டேங்கான்னு சொல்லணும். நான் சொன்னா நிப்பாட்டிருவாவ. அந்த மரியாதை எனக்கு உண்டு.

என்ன கண்டக்டர் கத்துதான்? ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? அதுக்குள்ள வந்துட்டா?

பாருங்க, என்னைப் பார்த்தே கத்துதான். "எறங்கு, எறங்கு, ஆஸ்பத்திரி எல்லாம் எறங்கு"ன்னு. நான் ஆஸ்பத்திரின்னு அவன்கிட்ட சொன்னனா? டிக்கெட் கடைசி ஸ்டாப்புக்குல்ல எடுத்திருக்கேன். எறக்கு, எறங்குன்னு எல்லாவனும் இப்ப இந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டானுவ.

ஏம்மா, கொஞ்சம் காலை ஒதுக்குங்க. அவளைப் பாக்க இல்ல. இந்தக் கழுத்தை ஒரு தடவை பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போலாம்னு பாக்கேன், இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஆபீசு எங்கயும் ஓடிராது. அப்படியே அந்த மருந்து சமாச்சாரத்தை மட்டும் யாராவது ஒரு நர்சுகிட்ட சொல்லி விட்டாப் போதும், உள்ள போய் முகத்தைப் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. ஏய், இருப்பா, வயசானவ இறங்குதேன்லா, விசில் ஊதாத! தள்ளுங்க. வாரேம்மா. நல்லா இருங்க.

...

யாரு? யாரு அக்கான்னு கூப்பிட்டது?

நீங்களாம்மா. பையா? ஆமா, மறந்துட்டேன். ஜன்னல் வழியாவே குடுங்க. கழுத்தா? ஆமா, திரும்பிட்டு.

நான் யாரோன்னு நெனச்சுட்டேன்.